கெமிஸ்தமும் கிறீன் வைத்தியரும்

தமிழ் இலக்கியம் பயிலும் மாணாக்கர் இரசாயனத்தைப் பற்றி எழுதப் புகுதல் தகுமோ என்று நண்பர் சிலர் எம்மை வினவினர். வினா நியாயமானதே. அமிலத்தையும் காரத்தையும் யாம் பள்ளிக்கூடத்தோடு விட்டுப் பிரிந்தோம். பிரிவாற்றாமையும் எமக்கு உண்டாகவில்லை. எனினும், ஒரு நூலின் பெயர் எம்மை மீண்டும் அத்துறைக்கு இழுத்து வந்தது. 1875-ஆம் ஆண்டில் நாகர்கோவில் இலண்டன் மிஷன் அச்சுக்கூடத்தில் அச்சேறிய அந்நூலின் பெயர் 'கெமிஸ்தம்' என்பது. அதனை வெளிப்படுத்தியவர் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் வைத்தியத் தொண்டு புரிந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்கர். இரசாயன நூலை அச்சிற் கொணர்ந்த ஒருவர், அதே கையால் ஊரின் சுகாதாரத்திற்கும், ஆங்கிலம் அறியாதார் கல்விக்கும் எவ்வாறு வழக்காடினார் என்பதையே ஈண்டு யாம் ஆராயப் புகுகின்றோம்.

கிறீன் 1822-ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டு மாசச்சூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரிற் பிறந்தவர். நியூயார்க் நகரில் வைத்தியம் பயின்று, 1847-இல் யாழ்ப்பாணம் போந்தார். அங்கே அமெரிக்க மிஷனார் 1816 முதலே பணி செய்து வந்தனர். வட்டுக்கோட்டையில் 1823-இல் அவர்கள் நிறுவிய செமினாரி ஈழநாட்டில் உயர்கல்விக்குப் பேர்பெற்றது. கிறீன் மானிப்பாயில் அமர்ந்து நோயாளரைப் பார்த்தார். உடனே மாணாக்கரையும் சேர்த்துக்கொண்டார். இடையிற் சில ஆண்டுகள் தாய்நாட்டிற் கழித்து, 1862-இல் மீண்டு, 1873 வரை அவ்வூரில் உழைத்தார். அவரிடம் வைத்தியம் பயின்று தேறியவர் 60-க்கு மேற்பட்டோர். அவருள் ஏறக்குறையச் செம்பாதியினர் ஆங்கிலத்திற் பயின்றவர்; மற்றையோர் தமிழிலேயே பயின்றவர்.

இவ்விரு பாதிகளுக்கும் இடையே உள்ள கதையே எமக்குச் சுவை தருவது. தொடக்கத்தில் அவர் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். அக்காலத்து அதுவே முறை. ஆனால் ஆங்கிலங் கற்ற வைத்தியர் ஊரில் நிற்கவில்லை, அரசாங்க உத்தியோகம் அவர்களை அழைத்தது, சம்பளமும் அழைத்தது. அவர்களைக் குறை கூற எமக்கு வாயில்லை, ஏனெனில் எம் வகுப்பில் இருப்போரும் அவ்வழியை நோக்கியே இருக்கின்றோம். எனினும் காய்ச்சலும் கொள்ளை நோயும் கண்ட சிற்றூர், தான் வளர்த்த வைத்தியனைத் தான் காணாது போயிற்று. செமினாரியும் இதனையொத்த ஒரு காரணத்தால் 1855-இல் மூடப்பட்டது. அதன் ஆங்கிலக் கல்வி, மிஷன் கருதிய பணிக்கு ஆள் தராமல் உத்தியோகத்திற்கே ஆள் தருகின்றது என்று அமெரிக்காவினின்று வந்த தூதுக் குழுவினர் கண்டனர். கிறீன் பெற்ற பாடம் வேறு. தம் மாணாக்கர் கிறிஸ்தவராகலாம், ஐரோப்பியராதல் வேண்டா என்பது அவர் கொள்கை. ஆதலின் 1860-களில் அவர் வைத்திய வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். மொழியை மாற்றிய மாத்திரத்தில் வகுப்பின் கதவு அகன்றது. ஆங்கிலப் பள்ளிக்குப் பணங் கட்ட இயலாத வீட்டுப் பிள்ளையும் உள்ளே வரலாயிற்று.

வகுப்புத் தமிழாயின் நூலும் தமிழாதல் வேண்டுமன்றோ? ஈண்டுத்தான் வைத்தியர் நூல் வெளியீட்டாளர் ஆகின்றார். 1852-இலேயே அவர் முதனூல் வெளிவந்திருந்தது. அதன் பெயர் 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' என்பது. பெயரைக் கேட்டு நகைப்பாரும் உளர். யாமும் முதலில் நகைத்தோம். பின்னர்ப் பிரித்துப் பார்த்தோம். அங்காதிபாதம் உடலின் உறுப்பமைப்பைக் கூறுவது. கேசாதிபாதம் என்னும் நம் பிரபந்த வழக்கை அது உடனே நினைப்பூட்டுகின்றது. சுகரணம் உறுப்புக்களின் தொழிலைக் கூறுவது. உற்பாலனம் உடலை நோய் வாராமற் காக்கும் முறை. பாலனம் காத்தலாதல் யாவரும் அறிந்ததே. எனவே, அவர் தமிழில் வெளியிட்ட முதனூலிலேயே, நோய் தீர்த்தலோடு நோய் வாராது காத்தலும் தலைப்பிலேயே இடம் பெற்றது. பின்னர்ப் 'பிரசவ வைத்தியம்' 1857-இலும், 'இரண வைத்தியம்' 1867-இலும், 'மனுஷ அங்காதிபாதம்' 1872-இலும் வந்தன. எல்லாவற்றையுங் கூட்டின் 4,000 பக்கங்களுக்கு மேலாகும். தம்மிடம் பயின்ற தமிழ் மாணாக்கரையே மொழிபெயர்ப்பிலும் துணைக்கொண்டார்.

அவ்வரிசையில் வந்ததே 'கெமிஸ்தம்.' இரசாயனம் என்னுஞ் சொல் நம்மிடம் இல்லாதது அன்று. அதனை விடுத்து 'கெமிஸ்ட்ரி' என்னும் ஆங்கிலச் சொல்லின் வாலை அறுத்து, அம் விகுதி கூட்டி, மரம், குளம் என்பனபோல ஒரு தமிழ்ப் பெயராக்கியது ஏன்? யாம் கருதுவது இது. நம் பண்டை வைத்தியத்தில் இரசாயனம் என்பது மூப்பையும் பிணியையும் நீக்கும் மருந்துக்குப் பெயர். இரசவாதமோ செம்பைப் பொன்னாக்குவோமென்று ஊரை ஏய்ப்பார் வாயிற் பட்ட சொல். இவ்விரண்டில் எதனை இட்டாலும் மாணாக்கன் உள்ளத்தில் முன்னரே ஒரு பொருள் குடியிருக்கும். புதிய சரக்கைப் புதிய கலத்தில் இடுவதே நன்றென்று ஆசிரியர் கொண்டிருத்தல் கூடும்.

அவர் கலைச்சொல் ஆக்கும் நெறி தெளிவானது. முதலில் தமிழில் வழங்குஞ் சொல்லைத் தேடுக; அஃதில்லையேல் வடசொல்லை நாடுக; அதுவும் பொருந்தாதாயின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தால் எழுதுக. வடவெழுத்தை நீக்கி வடசொல்லை ஏற்கலாமென்று விதித்த தொல்காப்பியனார் வழியில் வைத்துப் பார்ப்பின், மூன்றாம் நெறியும் நமக்குப் புறம்பானதன்று. இச்சொற்களைத் தொகுத்துத் தனியே அகராதிகளாகவும் அவர் அச்சிட்டார். சொல் தூயதா கலப்பா என்று வாதிடும் எம்மனோர்க்கு ஒன்று நினைவில் இருத்தல் நலம். வைத்தியத்திற் சொல் பிழைப்பின் மருந்தும் பிழைக்கும். ஒரு பொருளுக்கு ஒரே சொல், எவ்விடத்தும் அதே சொல் என்பது அங்கே அழகு பற்றிய விதியன்று, உயிர் பற்றிய விதி.

இதனை யாம் நூலிற் படித்து அறியவில்லை. எம் பள்ளி நாளில் ஆய்வுக்கூடத்துப் பணியாளர் ஒருவர் இருந்தார். மாணாக்கர் அனைவரும் அவரை அண்ணாச்சி என்றே அழைப்போம். புட்டிகளின்மேல் ஆங்கிலத்திலேயே பெயர் ஒட்டியிருந்தது. அண்ணாச்சிக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனால் எது எத்தட்டில் எத்தனையாவது என்று இருபது ஆண்டுப் பழக்கத்தால் அறிவார், பிசகியதில்லை. ஒரு கோடை விடுமுறையிற் சுவருக்கு வெள்ளையடித்தார்கள். அடித்தவர்கள் புட்டிகளை எடுத்து வேறு வரிசையில் வைத்துவிட்டார்கள். நீர்த்த அமிலமென்று எண்ணி, செறிந்த கந்தக அமிலம் இருந்த கலத்தில் அண்ணாச்சி தண்ணீரை ஊற்றினார். கந்தக அமிலம் நீரோடு கலக்குங்கால் பெருஞ்சூடு பிறக்கும். நீர் இலேசானதாகையால் மேலே நின்று, அக்கணமே கொதித்து, அமிலத்தையும் வாரி இறைக்கும். நீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாக விடவேண்டுமேயன்றி அமிலத்தில் நீரை விடலாகாது என்பது இதனால்தான். அவர் வலக்கை வெந்தது. கட்டுப்போட்ட கையோடு வந்தவரை யாம் சூழ்ந்து நின்றபோது அவர் கூறியது இன்னும் காதில் இருக்கின்றது: "எல்லாம் அதுல எழுதித்தான் இருக்கு தம்பி. என்ன எழுதியிருக்குன்னுதான் நமக்குத் தெரியல."

கெமிஸ்தத்தின் பெயரைப் பின்னாளில் யாம் காண நேர்ந்தபொழுது எம் உள்ளத்தில் முதலில் எழுந்தது அக்கையே.

கிறீனைப் புகழ்ந்துகொண்டே போவது எம் நோக்கமன்று. அவர் திறந்த கதவு முழுவதும் திறக்கவில்லை. மொழியால் விலக்கப்பட்டாரை அவர் சேர்த்தார்; ஆயினும் அவ்வைத்திய வகுப்பு ஆடவர் வகுப்பே. பிரசவ வைத்தியத்தைத் தமிழிற் பெயர்த்த ஒருவர், பேறு பார்க்கும் பெண்டிரை வகுப்பில் இருத்தவில்லை என்பது நெருடத்தான் செய்கின்றது. பெண்களுக்கென இணுவிலில் ஒரு மருத்துவமனை எழுந்தது 1898-இல்; அப்பொழுது கிறீன் மறைந்து 14 ஆண்டுகள் ஆகியிருந்தன. அறிவிலும் காலத்தின் எல்லை உண்டு. கொள்ளை நோய்க்குக் காரணமான கிருமியைக் கோக் என்னும் ஜெர்மானியர் கல்கத்தாவில் உறுதி செய்தது 1884-இன் தொடக்கத்தில். கிறீன் இறந்ததும் அவ்வாண்டிலேயே. நோய் எதனால் வருகின்றதென்று அறியாமலே நீரையும் வீட்டையும் தூய்மை செய்க என்று எழுதினர் அத்தலைமுறையினர். காரணம் பிழைத்தும் காரியம் பிழையாத இடங்கள் வைத்தியத்தில் சில உண்டு போலும்.

1873-இல் ஊர் திரும்பிய பின்னும் அவர் ஓயவில்லை. தமிழ் பேசுவார் ஒருவரும் இல்லாத வூஸ்டரில் இருந்துகொண்டு தமிழ்க் கையெழுத்துப் பிரதிகளைத் திருத்தினார். கெமிஸ்தமும், 1883-இல் 'மனுஷ சுகரண'மும் அப்பொழுது வந்தவை. 1884-இல் வந்த 'இந்து பதார்த்த சாரம்' இந்நாட்டுச் சரக்குகளின் குணங் கூறுவது. தமிழர்க்கு மருத்துவ ஊழியர் என்னும் கருத்துடைய வாசகமே அவர் கல்லறையில் உள்ளது. அதுவே அவர் விரும்பியது.

ஆனால் நூல்கள் நிலைக்கவில்லை. கொழும்பில் அரசாங்க வைத்தியப் பள்ளி 1870-இல் தொடங்கியது. அங்கே பாடமொழி ஆங்கிலம். கிறீனுக்குப் பின் தமிழ் வைத்திய வகுப்பும் நின்றது. வகுப்பு இல்லாவிடத்து நூலுக்கு வாசகர் ஏது? தமிழால் இயலாமையினால் அன்று, தமிழிற் படித்தார்க்கு உத்தியோகம் இன்மையினாலேயே அம்முயற்சி தளர்ந்தது என்பது எம் துணிபு. பின்னர் இக்கரையிலும் அதே வழக்கு மீண்டும் எழுந்தது. 1916-இல் சேலத்தில் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் கண்டனர். 'திண்ணை ரசாயனம்' என்று பெயரிட்டு இராஜாஜி ஒரு நூலும் எழுதினார். திண்ணையில் இருப்பவனுக்கும் இரசாயனம் உரியது என்று பெயரே கூறுகின்றது. இக்காலத்துத் தமிழ்நாட்டார் வேதியியல் என்கின்றோம். ஈழத்தார் இரசாயனவியல் என்கின்றனர். நாம் ஆக்சிஜன் என்பதை அவர்கள் ஒட்சிசன் என்பர். கெமிஸ்தம் என்பாரை இருகரையிலும் யாம் காணோம்.

மானிப்பாயைச் சூழ்ந்த அந்நிலத்தை மீண்டும் ஒருமுறை நோக்குவோம். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கற்பாறைமேல் அமைந்தது. அங்கே வற்றாத ஆறு இல்லை, கிணறே உயிர். அப்பாறையில் வெடிப்பும் புழையும் மிகுதி. மேலே இட்ட உரமும், மலக்குழிக் கசிவும் எளிதில் அதனூடு இறங்கிக் கிணற்றை அடைகின்றன. தோட்டப் பயிர் மிக்க பகுதிகளிற் பல கிணறுகளில் நைத்திரேற்று அளவு கடந்திருப்பதை ஆய்வாளர் கண்டுள்ளனர். உலக சுகாதார நிறுவனம் விதித்த எல்லை ஒரு லீட்டருக்கு 50 மில்லிகிராம். இந்திய எல்லை 45. நம் மாவட்டங்கள் பலவற்றிலும் நிலத்தடி நீர் இவ்வெல்லையைத் தாண்டியுள்ளது. இந்நீரிற் கரைத்த பாலை உண்ணும் கைக்குழந்தைக்கு இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றல் குன்றும். உடல் நீலம் பூக்கும்.

இதிற் பெரிய இடர் ஒன்று உண்டு. நீரைக் காய்ச்சிக் குடி என்பது நம் தாய்மார்க்குச் சுகாதாரம் கற்பித்த தலையாய பாடம். கிருமிக்கு அது போதும். நைத்திரேற்றுக்கோ அது பயனற்றது மட்டுமன்று, தீங்கும் ஆகும். நீர் ஆவியாகக் கழிய, எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடும். நல்லது செய்வதாக எண்ணிக் காய்ச்சும் தாய்க்கு இதனை எச்சொல்லால் உணர்த்துவது?

இரசாயன வகுப்பு நண்பர் ஒருவரோடு கூடி, ஒரு பக்கத் துண்டறிக்கை எழுதிப் பார்த்தோம். முதல் வாக்கியத்திற்கே ஒரு மாலைப்பொழுது கழிந்தது. நண்பர் நைட்ரேட் என்றார். யாம் நைத்திரேற்று என்றோம். வெடியுப்பின் இனம் என்று எழுதின் அஞ்சி ஓடுவார்கள் என்று இருவரும் விடுத்தோம். கிறீனின் மூன்று நெறிகளையும் முறையே முயன்றோம். இறுதியில் தாளில் நின்றது இது: "உரத்திலிருந்தும் குழியிலிருந்தும் கிணற்றில் ஊறிய ஓர் உப்பு இது. காய்ச்சினால் தண்ணீர்தான் குறையும், உப்புக் குறையாது. குழந்தைப் பாலுக்குச் சோதித்த வேறு நீர் எடுங்கள்." உப்பு என்றது இரசாயனத்திற்கு ஒக்குமோ என்று நண்பர் தம் ஆசிரியரைக் கேட்டு வந்தார், ஒக்கும் என்றார்களாம். இரண்டாம் பத்தியை இன்னும் எழுதவில்லை.