போன் போனாலும் படங்கள் போகக்கூடாது: வீட்டிலேயே ஒரு சின்ன மீடியா சர்வர்

உங்கள் போனில் உள்ள கேலரியை ஒரு நிமிடம் திறந்து பாருங்கள். பேரக்குழந்தை முதல்முறை நடந்தது, ஊர்த் திருவிழா, இப்போது நம்முடன் இல்லாத ஒருவரின் குரல் பதிவான வீடியோ... எல்லாம் அந்த ஒரே கருவிக்குள்தான் இருக்கும். போன் தண்ணீரில் விழுந்தாலோ, பஸ்ஸில் தொலைந்தாலோ அவையும் சேர்ந்தே போய்விடும். கல்யாண வீடியோ பீரோவுக்குள் டிவிடியாக இருக்கும். ஆனால் அதைப் போட்டுப் பார்க்க வீட்டில் பிளேயர் இருக்காது.

"அதெல்லாம் கூகுள்ல தானா சேவ் ஆயிடும்" என்று பலரும் நினைக்கிறோம். 2021 ஜூன் 1 முதல் கூகுள் போட்டோஸில் வரம்பில்லாத இலவச இடம் கிடையாது. மெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிபிதான். அது நிரம்பிவிட்டால் புதிய படங்கள் சேமிக்கப்படுவது நின்றுவிடும். நாம் கவனிப்பதோ போன் பழுதான பிறகுதான்.

இதற்கு ஒரு வழி, வீட்டிலேயே ஒரு சிறிய கம்ப்யூட்டரை மீடியா சர்வராக வைத்துக்கொள்வது.

மீடியா சர்வர் என்றால் என்ன?

பெயர்தான் பெரிசு, விஷயம் சுலபம். வீட்டுப் படங்கள், வீடியோக்கள், பாட்டுகள் எல்லாம் ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும். வீட்டு வைஃபையில் இணைந்துள்ள போன், டேப்லெட், ஸ்மார்ட் டிவி எதிலிருந்தும் அவற்றைப் பார்க்கலாம். வீட்டுக்குள் பார்ப்பதற்கு இன்டர்நெட் டேட்டா செலவாகாது.

இதற்கான மென்பொருள்களில் ஜெல்லிஃபின் முழுக்க இலவசம்; திறந்த மூல மென்பொருள். மாதச் சந்தா கிடையாது. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். ஆண்ட்ராய்டு போனுக்கும் ஆண்ட்ராய்டு டிவிக்கும் தனி ஆப் உண்டு.

எந்தக் கம்ப்யூட்டர் போதும்?

பெரிய கேபினட் தேவையில்லை. டிபன் பாக்ஸ் அளவுள்ள மினி பிசி போதும். புதிதாக வாங்குவதானால் இன்டெல் என்100 பிராசஸர் உள்ளதைப் பார்க்கலாம். அலுவலகங்களில் பயன்படுத்தி விற்கப்படும் பழைய மினி டெஸ்க்டாப் என்றால், இன்டெல் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்கட்டும். 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி போதுமானது.

அதைவிடப் பழைய கம்ப்யூட்டர் வீட்டில் சும்மா கிடக்கிறதா? அதையும் பயன்படுத்தலாம். ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டன. விண்டோஸ் 11 ஏற்காத கம்ப்யூட்டரில் உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற இலவச லினக்ஸைப் போட்டுக்கொள்ளுங்கள்.

எவ்வளவு இடம் தேவை என்று ஒரு தோராயக் கணக்குப் போடலாம். ஒரு படம் 4 எம்பி என்றால் 10,000 படங்களுக்கு 40 ஜிபி. ஃபுல் எச்டி வீடியோ ஒரு நிமிடத்துக்கு 100 எம்பி என்றால் 20 மணி நேர வீடியோவுக்கு 120 ஜிபி. ஆக, பெரும்பாலான குடும்பங்களுக்கு 1 டிபி ஹார்ட் டிஸ்க்கே தாராளம்.

"நாள் முழுக்க ஓடுமே, கரண்ட் பில் எகிறாதா?"

மினி பிசி சும்மா காத்திருக்கும்போது சுமார் 10 வாட் எடுக்கிறது என்று வையுங்கள். 24 மணி நேரத்துக்கு 240 வாட்-மணி. 60 நாளுக்கு 14.4 யூனிட். அதாவது இரண்டு மாத பில்லில் கிட்டத்தட்ட 15 யூனிட் கூடும். உங்கள் பில் ஏற்கெனவே அடுத்த கட்டண அடுக்கின் விளிம்பில் இருந்தால் மட்டும் இதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். இரவில் அணைத்து வைத்தாலும் தவறில்லை.

அமைக்கும் முறை

1. கம்ப்யூட்டரை ரவுட்டர் பக்கத்தில் வைத்து லேன் கேபிளால் இணையுங்கள். சர்வரையும் வைஃபையில் விடுவதைவிட இது நம்பகமானது. காற்றோட்டம் உள்ள இடமாக இருக்கட்டும். டிவி ஸ்டாண்டுக்குள் அடைத்துவிடாதீர்கள்.

2. போனை யுஎஸ்பி கேபிளால் இணைத்து, படங்களையும் வீடியோக்களையும் கம்ப்யூட்டருக்கு நகலெடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பி எடுத்தால் படத்தின் தரம் குறைந்துவிடும். மற்றவர்களிடமிருந்து வாங்கும்போது "டாக்குமென்ட்டா அனுப்புங்க" என்று கேளுங்கள்.

3. ஃபோல்டர் பெயரில் ஆண்டும் மாதமும் முதலில் வரட்டும். உதாரணம்: '2019-05 அக்கா கல்யாணம்'. இப்படி வைத்தால் எல்லாம் கால வரிசையில் தானாக அமையும்.

4. ஜெல்லிஃபினை அதன் அதிகாரப்பூர்வ இணையதளத்திலிருந்து மட்டும் இறக்கி நிறுவுங்கள். பயனர் பெயர், வலுவான கடவுச்சொல் கொடுங்கள். பிறகு உங்கள் ஃபோல்டரை 'ஹோம் வீடியோஸ் அண்ட் போட்டோஸ்' வகையில் சேருங்கள்.

5. போனில் ஜெல்லிஃபின் ஆப்பைத் திறந்து சர்வர் முகவரியைக் கொடுங்கள். உங்கள் கம்ப்யூட்டரின் உள் முகவரி 192.168.1.50 என்றால், 192.168.1.50:8096 என்று டைப் செய்யவேண்டும். இந்த முகவரி அடிக்கடி மாறாமலிருக்க, ரவுட்டர் செட்டிங்கில் அந்தக் கம்ப்யூட்டருக்கென்று அதை ஒதுக்கிவிடுங்கள்.

6. கம்ப்யூட்டர் தானாக 'ஸ்லீப்' ஆவதை நிறுத்துங்கள். கரண்ட் போய் வந்ததும் தானாக ஆன் ஆகும் வசதி பல மினி பிசிக்களின் பயாஸில் உண்டு. அதை இயக்கி வையுங்கள்.

பழைய டிவிடிகளை யுஎஸ்பி டிவிடி டிரைவில் போட்டு, ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளால் எம்பி4 கோப்பாக மாற்றலாம். இதைத் தள்ளிப்போடாதீர்கள். கடையில் ரைட் செய்து தந்த டிஸ்க்குகள் காலப்போக்கில் படிக்க முடியாமல் போகும். ஒரு டிஸ்க் பாதியில் நின்றால் அதை மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைத்துவிட்டு, வேறொரு டிரைவிலும் முயன்று பாருங்கள்.

வீடியோ விட்டு விட்டு ஓடுகிறதா?

இதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று, வைஃபை வேகம் போதாமை. டிவியையும் லேன் கேபிளில் இணைத்தால் இது சரியாகலாம். இரண்டாவது, வீடியோவின் வடிவம். இப்போதைய போன்கள் பல, இடத்தை மிச்சப்படுத்த எச்.265 வடிவத்தில் வீடியோ எடுக்கின்றன. பழைய டிவிகளுக்கு அது புரியாது. அப்போது சர்வர் அந்த வீடியோவை உடனுக்குடன் வேறு வடிவத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும். அது கனமான வேலை. இன்டெல் பிராசஸர்களில் உள்ள 'குயிக் சிங்க்' வசதியை ஜெல்லிஃபின் செட்டிங்கில் இயக்கினால் இந்தச் சுமை பெருமளவு குறையும்.

சர்வர் வேறு, காப்பி வேறு

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். எல்லாவற்றையும் சர்வருக்கு மாற்றிவிட்டு, போனில் இருந்ததை அழித்துவிடுவார்கள். ஹார்ட் டிஸ்க்கும் ஒருநாள் பழுதாகும். முன்பு போனில் ஒரே பிரதி. இப்போது சர்வரில் ஒரே பிரதி. ஆபத்து இடம் மாறியதே தவிர, குறையவில்லை.

உலகெங்கும் சொல்லப்படும் 3-2-1 முறையைப் பின்பற்றுங்கள்: மொத்தம் 3 பிரதிகள், 2 வெவ்வேறு சாதனங்களில், அதில் 1 வீட்டுக்கு வெளியே. நடைமுறையில் இப்படிச் செய்யலாம். சர்வரில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, இன்னொரு வெளி டிஸ்க்கில் நகலெடுத்து அண்ணன் வீட்டிலோ தங்கை வீட்டிலோ கொடுத்து வைப்பது ஒன்று.

மாதம் ஒருமுறை நகலெடுத்ததும் வெளி டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். இடி மின்னலில் மின்னழுத்தம் எகிறினால், செருகியே இருக்கும் டிஸ்க்கும் கம்ப்யூட்டரோடு சேர்ந்து போகலாம். கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வைரஸ் வந்தாலும் கழற்றி வைத்த டிஸ்க்கைத் தொட முடியாது. நகலெடுத்த பின் நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறக்கிறது என்று பார்த்த பிறகுதான் போனில் உள்ளதை அழிக்க வேண்டும்.

பாதுகாப்பில் கவனம்

வெளியூரிலிருந்தும் பார்க்க ஆசையா? ரவுட்டரில் 'போர்ட் ஃபார்வர்டிங்' செய்து சர்வரை நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். யார் வேண்டுமானாலும் வந்து கதவைத் தட்டிப் பார்ப்பார்கள். அதற்குப் பதில் டெயில்ஸ்கேல் போன்ற தனிப்பட்ட விபிஎன் செயலியைச் சர்வரிலும் உங்கள் போனிலும் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். தனிநபர் பயன்பாட்டுக்கு அதில் இலவசத் திட்டம் உண்டு.

"நானே செட் பண்ணித் தர்றேன், ஸ்கிரீனை ஷேர் பண்ணுங்க, ஓடிபி சொல்லுங்க" என்று முன்பின் தெரியாதவர் போனில் சொன்னால் துண்டித்துவிடுங்கள். ஜெல்லிஃபின் அமைக்க வங்கி ஓடிபி எதுவும் தேவையில்லை. பணம் இழந்திருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது?

உங்கள் குடும்பப் பதிவுகளைத் தாராளமாக வைக்கலாம். திருட்டுத்தனமாக இறக்கிய சினிமா வேண்டாம். அது பதிப்புரிமைச் சட்டப்படி குற்றம், அதோடு வைரஸும் அந்த வழியாக வரக்கூடும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகக் கிடைக்கும் நூல்கள், பிள்ளைகளின் பாடநூல் பிடிஎஃப்கள் ஆகியவற்றையும் இதே கம்ப்யூட்டரில் தனி ஃபோல்டரில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆதார், பத்திரம், மதிப்பெண் சான்றிதழ் ஆகியவற்றின் ஸ்கேன்களை மீடியா ஃபோல்டரில் போடாதீர்கள். டிவியைப் பார்க்க வரும் எல்லோர் கண்ணிலும் அவை படும். டிஜிலாக்கரில் அரசுத் துறைகள் நேரடியாக வழங்கும் ஆவணங்கள் சட்டப்படி அசலுக்குச் சமம். நீங்களே எடுத்த ஸ்கேனுக்கு அந்த மதிப்பு கிடையாது. ஆகவே ஆவணங்களுக்கு டிஜிலாக்கர், நினைவுகளுக்கு வீட்டு சர்வர் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

முதலில் எதைச் செய்வது?

மினி பிசி வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை, இழந்தால் திரும்பக் கிடைக்காத பத்து வீடியோக்களைக் குடும்பத்தாரோடு உட்கார்ந்து தேர்ந்தெடுங்கள். அவற்றை ஒரு பென் டிரைவிலும், உறவினர் ஒருவரின் கம்ப்யூட்டரிலும் நகலெடுத்து வையுங்கள். சர்வர் பிறகு வரட்டும். அந்தப் பத்தும் இன்றைக்கே பத்திரமாக இருக்கும்.