திருப்பதியில் வேலையா? கடைவீதிக்குப் பக்கத்தில் வீடு பிடிப்பது இப்படித்தான்

ஆஃபர் லெட்டர் வந்த அன்றே வீடு தேட ஆரம்பியுங்கள். யூனிவர்சிட்டி மாணவர்கள், ஸ்விம்ஸ் மருத்துவமனை ஊழியர்கள், பக்தர்களுக்கு நாள் வாடகைக்கு விட வீடு எடுப்பவர்கள் என எல்லோரும் நீங்கள் பார்க்கும் அதே டு-லெட் போர்டைத்தான் பார்க்கிறார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தால் வீடு கைவிட்டுப் போகும்.

1. கம்பெனி பஸ் எங்கே நிற்கும் என்று ஹெச்.ஆரிடம் கேட்டபிறகு ஏரியாவை முடிவு செய்யுங்கள். ரேணிகுண்டா எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிகள், கரக்கம்பாடி அமர ராஜா, ஏர்பேடு ஐ.ஐ.டி. எல்லாமே ஊருக்குக் கிழக்கே. நைட் ஷிஃப்ட் முடித்து வருபவருக்கு மளிகை, மெடிக்கல், மெஸ் மூன்றும் நடக்கிற தூரத்தில் வேண்டும். அதற்காக வாடகை கொஞ்சம் கூடினாலும் கொடுங்கள்.

2. ஏர் பைபாஸ் ரோட்டுக் கடைகளுக்கு மேல்மாடி வேண்டாம். பைக் நிறுத்த இடமிருக்காது, தூக்கமும் போகும். இரண்டு தெரு உள்ளே பாருங்கள். பகலில் பிடித்துப்போன வீட்டைச் சனிக்கிழமை ராத்திரி இன்னொரு முறை போய்ப் பாருங்கள். புரட்டாசி பிரம்மோற்சவக் கூட்டத்தில் ஆபீஸ் போக மாற்று வழி உண்டா என்றும் விசாரியுங்கள்.

3. 2021 நவம்பர் மழையில் திருப்பதித் தெருக்கள் மூழ்கின. தரைத்தளம் என்றால் அப்போது தண்ணீர் எதுவரை வந்தது என்று ஓனரிடம் கேட்காதீர்கள், எதிர்க்கடைக்காரரிடம் கேளுங்கள். கோடையில் முனிசிபல் குழாயா, போரா, டேங்கரா, டேங்கர் காசு யார் தலையில் என்பதையும் அங்கேயே தெரிந்துகொள்ளலாம்.

4. தனி கரன்ட் மீட்டர் கட்டாயம். இரண்டு வீட்டுக்கு ஒரே மீட்டர் என்றால் யூனிட் சேர்ந்து மேல் ஸ்லாபுக்குப் போய்விடும்.

5. ஓனரைப் பார்ப்பதும் ஒரு இன்டர்வியூதான். ஐ.டி. கார்டு, ஆஃபர் லெட்டர் காப்பியோடு போங்கள். அசைவம் சமைக்கலாமா, பேச்சிலருக்குக் கொடுப்பார்களா என்பதை முதலிலேயே கேளுங்கள். நாலு வார்த்தை தெலுங்கில் பேசுங்கள். தமிழ் தெரிந்தவர்தான் என்றாலும், அந்த முயற்சிக்கு மதிப்பு உண்டு.

சித்தூரில் வேலை என்றால் சித்தூரிலேயே தங்குங்கள். கிரீம்ஸ்பேட்டை, கட்டமஞ்சி பக்கம் தேடலாம். திருப்பதியிலிருந்து தினம் எழுபது கிலோமீட்டர் போய்வந்தால் ஆறே மாதத்தில் வேலையும் கெடும், உடம்பும் கெடும்.

அட்வான்ஸ் தருமுன் பேரம் பேசுங்கள். மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் டெபாசிட் கூடாது என்கிறது. அதைச் சொல்லிப் பேச்சைத் தொடங்குங்கள். பெயின்ட்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார், மெயின்டனன்ஸ் தனியா என்பவை அக்ரிமென்ட்டில் வரட்டும். பணத்தை அக்கவுன்ட்டிலேயே போடுங்கள். சாவி வாங்கும்போது சுவர், குழாய், ஸ்விட்ச் போர்டு எல்லாவற்றையும் வீடியோ எடுத்து அன்றே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.