மருந்தும் மதுவும்

மனச்சோர்வுற்ற தோழர் ஆலையின் இரவு ஷிப்டு முடிந்ததும் கள்ளுக்கடையை நாடியதை நாம் பலமுறை கண்டோம். சோர்வு ஓரிரவு மறைந்தது. மறுநாள் இருமடங்காய் மீண்டது. மது மூளையை மந்தப்படுத்தி உறக்கத்தைக் கெடுப்பது. ஆதலின் அது சோர்வுக்கு மருந்தன்று, இரையேயாம்.

மனச்சோர்வுக்கு மருந்து உண்டு. 1957இல் சுவிட்சர்லாந்து வைத்தியர் ரோலண்ட் கூன் இமிப்ரமினின் பயனை வெளியிட்டார். இந்நாளில் செர்ட்ராலின், எஸ்சிடாலோபிராம் முதலியன பெரிதும் தரப்படுகின்றன.

இவற்றோடு மது சேரின் விளைவு யாது?

1. தூக்கமும் தள்ளாட்டமும் மிகும். அமிட்ரிப்டிலின் உண்போர்க்கு இது கடுமையாகும். இயந்திரத்தின் முன் நிற்போர் உயிருக்கே ஆபத்து.

2. சோர்வு ஆழமாகும், உயிரை மாய்க்கும் எண்ணத்தைத் தடுக்கும் விவேகம் தளரும்.

3. டிரானில்சிப்ரமின் உண்போர் பீப்பாய் பீர் அருந்தின், அதிலுள்ள டைரமினால் இரத்த அழுத்தம் அபாயகரமாக ஏறலாம்.

"இன்று குடிப்பதால் மாத்திரையை விட்டேன்" என்பார் சிலர். இது பெரும்பிழை. ஒரு வேளை விடுவதால் மருந்து உடலைவிட்டு நீங்காது. அடிக்கடி விடின் தலைசுற்றலும் நோயும் திரும்பும். மருந்தின் பயனோ வாரக்கணக்கில் விளைவது.

"மாத்திரையும் ஐந்தாம் சீலத்திற்கு மாறன்றோ?" என வினவுவோரும் உளர். அன்று. சீலம் விலக்குவது அறிவை மயக்குவதை. நோய் தீர்ப்பதை அன்று.

நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தின் வலிப்பு வரலாம். வைத்தியர் துணையோடு நிறுத்துக. அவரிடம் குடியை மறைத்தல் வேண்டா. வெட்கத்தினும் உயிர் பெரிது.