சப்பசிகே விதைக்கும் நேரம்: தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டை எடுங்கள்

ஐப்பசி பாதி போய்விட்டது. மார்கழியில் பெங்களூரில் அவரேகாளு (மொச்சை) வந்து இறங்கும்போது வீட்டுத் தொட்டியில் சப்பசிகே (சதகுப்பை) கீரை கைக்குக் கிடைக்க வேண்டுமானால் விதைப்பு இப்போதே நடக்க வேண்டும். ஓர் அடி ஆழத் தொட்டி போதும். செம்மண், மணல், மக்கிய எரு மூன்றும் சம பங்கு. விதையைத் தூவி, கால் அங்குல மண்ணால் மூடுங்கள். ஆணிவேர்ப் பயிர் இது, நாற்றுவிட்டுப் பிடுங்கி நடாதீர்கள். விதையை விதைக்கடையில் வாங்குங்கள். நாட்டு மருந்துக் கடைச் சதகுப்பையும் இதே விதைதான், ஆனால் எத்தனை வருடப் பழசு என்று யாருக்கும் தெரியாது. இதே குடும்பத்து ஷாஜீராவைப் போட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அது பெரும்பாலும் இரண்டாண்டுப் பயிர், பூக்க நீண்ட கடுங்குளிர் வேண்டும். மார்கழி இரவிலும் சராசரியாக 15 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காத பெங்களூரில் அது விதை கட்டும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

இனிச் சொல்வதுதான் முக்கியம். ஒவ்வொரு வருடமும் இந்தப் பருவத்தில் சப்பசிகே சாவது பூச்சியால் அல்ல, தண்ணீரால். இந்தக் குடும்பத்து விதைகளில் கரு மிகச் சிறியது. விதைக்குள்ளேயே வளர்ந்து முடித்த பிறகுதான் வெளியே தலைகாட்டும். அதற்கு ஒரு வாரம், பத்து நாள், சில சமயம் இரண்டு வாரமும் ஆகும். வெந்தயம் மூன்றாம் நாளே முளைத்ததைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கே பொறுமை இழந்து காலையும் மாலையும் ஊற்றுகிறார்கள். போதாதென்று வடகிழக்கு மழையும் சேர்கிறது. பித்தியம் என்னும் அழுகல் கிருமியின் வித்துகள் தண்ணீரில் நீந்திப் பரவுபவை. நனைந்தே கிடக்கும் மண்ணில், மண்ணைத் தொடும் இடத்தில் தண்டு நீர்கோத்து நூலாக மெலியும். இலை பச்சையாக இருக்கும்போதே நாற்று சாய்ந்துவிடும். சாய்ந்ததை நிமிர்த்த மருந்து கிடையாது. மேல்மண்ணை விரலால் தொட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் மட்டும் தெளியுங்கள். வடிந்த நீர் தேங்கி நிற்கும் அடித்தட்டை இன்றே எடுங்கள்.

துளை இருக்கிறதே, தண்ணீர் எப்படித் தேங்கும் என்பீர்கள். துளை இருந்தாலும் தொட்டியின் அடிமண் கொஞ்ச உயரத்துக்கு ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். தொட்டி ஆழம் குறைந்ததென்றால் அந்த ஈரம் வேர் முழுவதையும் எட்டிவிடும். வெறும் தென்னைநார்க் கழிவை நிரப்பியிருந்தால் இன்னும் மோசம். தட்டை எடுத்தால் மாடி கறையாகும் என்ற கவலைக்கு வழி உண்டு: இரண்டு செங்கல் மேல் தொட்டியை ஏற்றி, நீர் வடியும் பக்கம் வையுங்கள். கார்பன்டசிம் என்னும் பூஞ்சைக்கொல்லி கலந்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: போதாது. பித்தியத்தை அது தொடுவதே இல்லை. மேலும் நாற்பது நாளில் நீங்கள் சாப்பிடப்போகும் கீரை இது. எருவில் டிரைக்கோடெர்மா என்னும் நன்மை செய்யும் பூஞ்சையைக் கலப்பது நல்லது, ஆனால் தண்ணீர் நின்றால் அதனாலும் காப்பாற்ற முடியாது. இத்தனை சொன்ன பிறகும் தட்டை வைத்துவிட்டு, விதை சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். மூன்று அங்குலம் வளர்ந்ததும் நெருக்கமானவற்றைக் கத்தரித்துச் சமையலுக்கு எடுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேர் அசையும். இரவு மழை பெய்தால் காலையில் முதல் வேலையாகத் தொட்டியின் துளையில் ஒரு குச்சியை விட்டு அடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.