சிப்பாய் கூடுதல், ஆனாலும் டிரா

கேள்வி: கிளப் போட்டியில் கடைசியில் ஆளுக்கொரு யானை, வெள்ளையாடிய எனக்கு ஒரு சிப்பாய் கூடுதல். என் ராஜா டி5, சிப்பாய் இ5, யானை எச்7. எதிராளியின் ராஜா இ8, யானை ஏ6. எவ்வளவு முட்டியும் டிராதான். எங்கே கோட்டை விட்டேன்?

பதில்: இந்த நிலையில் உலக சாம்பியன் உட்கார்ந்தாலும், எதிராளி சரியாக ஆடினால் டிராதான். பிரெஞ்சு ஆட்டக்காரர் பிலிடோர் 1777-லேயே விளக்கிவிட்ட தற்காப்பு இது. அவர் ஓபராக்களுக்கு இசையமைத்தவரும்கூட!

எதிராளியின் யானை ஆறாவது வரிசையில் குறுக்கே நிற்கும்வரை உங்கள் ராஜா அங்கே கால் வைக்க முடியாது. வேறு வழியின்றி சிப்பாயை இ6-க்குத் தள்ளுவீர்கள். அவர் காத்திருப்பதே அதற்குத்தான். யானை உடனே ஏ1-க்கு இறங்கிவிடும். நீங்கள் ராஜாவை டி6-க்கு ஏற்றினால் டி1-இல் செக். இ5-க்கு வந்தால் இ1-இல் செக். எஃப்6-க்குப் போனால் எஃப்1-இல் செக். ராஜா ஒதுங்கக்கூடிய ஒரே கட்டம் இ6. அதில் உங்கள் சிப்பாயே நிற்கிறது!

சிப்பாயைத் தள்ளாமல் இழுத்தடித்தாலும் பயனில்லை. வெட்டும் சிப்பாய் நகர்வும் இல்லாமல் இருவரும் 50 நகர்த்தல் ஆடிவிட்டால் அவர் டிரா கேட்கலாம்.

அவருடைய யானை ஆறாவது வரிசைக்கு வருமுன் உங்கள் ராஜா அங்கே ஏறியிருந்தால், அவர் திணறியிருப்பார். அப்போதும் வெற்றி உறுதியில்லை. ஆனால் கிளப் ஆட்டத்தில் பலர் தவறுவது அங்கேதான். இதே நிலையைப் பலகையில் வைத்து, இம்முறை நீங்கள் கறுப்பாக ஆடிப் பாருங்கள்.