குளத்தில் ஐஸ் முழுதாக மூடவிடாதீர்கள்: தங்கமீன் குஞ்சு வைத்திருப்போருக்கு ஒக்டோபர் அறிவித்தல்

ஸ்காபரோ, மார்க்கம் பக்கங்களில் பின்வளவில் குளம் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு. இரவில் உறைபனி விழத் தொடங்கிவிட்டது. கோடையில் பொரித்த குஞ்சுகளுக்கு இது முதல் குளிர்காலம். போன மார்ச்சில் ஐஸ் உருகியபோது பல வளவுகளில் பெரிய மீன்கள் தப்பியிருந்தன. குஞ்சுகள்தான் வயிறு வெளுத்து மிதந்தன. இந்த மாதத்துக்குள் செய்யவேண்டியவை:

1. குஞ்சுகளை வலையில் பிடித்துப் பாருங்கள். இரண்டு அங்குலத்துக்குக் குறைந்தவை பேஸ்மன்ட் தொட்டிக்குப் போகட்டும்.
2. குளம் இரண்டடி ஆழமாவது இருக்கவேண்டும். மூன்றடி என்றால் நல்லது. இரண்டடியும் இல்லையா? எல்லா மீனும் உள்ளே.
3. மேலே வலை கட்டுங்கள். அடியில் கிடக்கும் இலையை அள்ளுங்கள்.
4. தண்ணீர் 10 பாகைக்குக் கீழே இறங்கினால் சாப்பாடு இல்லை. "பாவம், பசிக்குமே" என்று பாண் பிய்த்துப் போடாதீர்கள். குளிரில் மீனுக்குச் செமிக்காது, மிச்சம் அழுகும்.
5. பம்பை அடியிலிருந்து மேலே தூக்குங்கள். 4 பாகைத் தண்ணீர்தான் கனம் கூடியது. அது அடியில் தங்கும், மீனும் அங்கேதான் ஒதுங்கும். அதைக் கலக்காதீர்கள்.

இனி முக்கியமான விஷயம். ஐஸ் குளத்தை முழுதாக மூடக் கூடாது. தங்கமீன் குளிரைத் தாங்கும். மூடிய ஐஸைத் தாங்காது. அடியில் அழுகும் இலையின் நச்சுவாயு வெளியேற வழியில்லை, காற்றிலிருந்து ஒட்சிசன் இறங்கவும் வழியில்லை. மேலே ஸ்னோவும் படிந்தால் வெளிச்சம் போய்விடும், நீர்ச்செடியும் உதவாது.

"தங்கமீன் ஒட்சிசன் இல்லாமலும் இருக்குமாமே" என்று வாதாட வருகிறவர்கள் உண்டு. உண்மைதான். ஈரலில் சேர்த்துவைத்த கிளைக்கோஜனைச் செலவழித்து, கழிவை மதுசாரமாக மாற்றிச் செவுள் வழியே வெளியேற்றிக்கொண்டு அது சில காலம் தாக்குப்பிடிக்கும். சேமிப்பு இருக்கும்வரைதான். விரல் நீளக் குஞ்சின் ஈரலில் எவ்வளவு இருக்கப்போகிறது? அதனால்தான் குஞ்சு முதலில் சாகிறது.

ஆகவே மிதக்கும் டீ-ஐசர் ஒன்று வாங்குங்கள். அது குளத்தைச் சூடாக்காது. ஒரு ஓட்டையைத் திறந்து வைத்திருக்கும். அதுவே போதும். மின்கசிவுப் பாதுகாப்பு (ஜிஎஃப்சிஐ) உள்ள வெளிப்பிளக்கில் மாட்டி, வேலை செய்கிறதா என்று இன்றே பாருங்கள். பக்கத்தில் காற்றுக்கல் ஒன்றும் ஓடினால் இன்னும் நல்லது.

ஓட்டை அடைபட்டுவிட்டால் சுத்தியல் எடுக்காதீர்கள். அந்த அதிர்ச்சி தண்ணீருக்குள் மீனைத் தாக்கும். ஒரு பானையில் கொதிநீர் நிரப்பி ஐஸின் மேல் வையுங்கள். தானாக உருகி வழிவிடும். கொதிநீரை நேரே ஊற்றுவதும் கூடாது.

டிசெம்பரில் ஊருக்குப் பறக்கிறவர்களுக்குத் தனியாகச் சொல்லவேண்டியிருக்கிறது. பூட்டிவிட்டுப் போய், வந்து பார்த்து அழுவதில் பலனில்லை. தினமும் காலையில் ஓட்டையைப் பார்க்க ஒரு ஆளை ஒழுங்குசெய்யுங்கள். 2013 டிசெம்பர் பனிமழையில் ரொறன்ரோவில் பல வீடுகளுக்கு நாட்கணக்கில் மின்சாரம் இருக்கவில்லை. மின்சாரம் போனால் டீ-ஐசர் வெறும் பிளாஸ்டிக். பானை வைக்கத் தெரிந்த ஆளாக இருக்கட்டும்.

பேஸ்மன்டுக்கு மாற்றும் குஞ்சுகளுக்கு: ரொறன்ரோக் குழாய்நீரில் குளோரமின் உண்டு. வாளியில் ஒரு நாள் வைத்தால் அது போகாது. கடையில் விற்கும் நீர்ப்பதப்படுத்தி கட்டாயம். குளத்து ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டைத் தொட்டி ஃபில்டரில் போடுங்கள். குஞ்சுகளைப் பையோடு மிதக்கவிட்டு, இரு நீரின் வெப்பமும் ஒத்துவந்த பிறகே திறந்துவிடுங்கள். ஹீட்டர் வேண்டாம்.

இடம் போதாதென்று மிச்சத்தைப் பக்கத்து மழைநீர்க் குளத்திலோ ஓடையிலோ கொட்டாதீர்கள். அது சட்டப்படி குற்றம். ஹமில்டன் துறைமுக நீரில் பெருகிக் கிடக்கும் தங்கமீன்கள் போதும். வளர்க்க முடியாததை மீன்கடையில் கேட்டுக் கொடுங்கள்.