சக்கர நாற்காலியும் கடற்கரைக்குப் போகட்டும்!

முதுகுத்தண்டில் அடிபட்டுக் கால் செயலிழந்தவர் உங்கள் வீட்டில் இருக்கிறாரா? 'மணல்ல சக்கரம் புதைஞ்சுடுமே' என்று அவரை உள்ளேயே வைத்துவிடாதீர்கள். சென்னை மெரினாவில் சக்கர நாற்காலிக்கென்றே 2022-இல் மரப்பாதை போட்டார்கள். தாராளமாக அழைத்துப் போங்கள். ஆனால் மூன்று விஷயங்களில் கவனம் தேவை.

ஒன்று: அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்வை சரியாகச் சுரக்காது, உடம்பு சீக்கிரம் சூடேறிவிடும். இளவெயில் நேரமே நல்லது. தண்ணீரும் ஈரத்துணியும் கையோடு இருக்கட்டும்.

இரண்டு: உணர்ச்சியற்ற கால் சுட்டாலும் தெரியாது. வெயிலில் நின்ற நாற்காலியைத் தொட்டுப் பார்த்தபிறகே உட்கார வையுங்கள்.

மூன்று: கால்மணிக்கொரு தரம் கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கட்டும்; முடியாதவரை முன்பக்கம் சாய்த்துவிடுங்கள். ஒரே இடத்தில் பாரம் அழுத்தினால் புண் வரும்.

வீடு திரும்பியதும் இடுப்பு, பின்பக்கம், குதிகால் பாருங்கள். சிவந்த தடம் மறையவில்லையா? தைலம் போட்டுத் தேய்க்காதீர்கள். அந்த இடத்தில் பாரம் படாமல் வைத்து, மருத்துவரிடம் காட்டுங்கள்.